பம்பரில் மூன்று துருப் புள்ளிகள்

குரோம் துருப்பிடிக்காது. இதை எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன், ஒருத்தரும் நம்பியதில்லை. பளபளவென்று மேலே தெரிவது ஒரு பூச்சுதான், தலைமுடியைவிட மெல்லிசு. துருப்பிடிப்பது அதற்கு அடியில் இருக்கிற இரும்பு. பூச்சில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை ஒன்று விழுந்தால் போதும். ஈரம் அதன் வழியாக உள்ளே இறங்கி, இரும்பை அரித்து, பழுப்பாக வெளியே வரும். மேலே தேய்த்தால் பழுப்பு போய்விடும், ஓட்டை போகாது. அடுத்த மழைக்கு அதே இடத்தில் திரும்ப வரும்.

இவ்வளவும் தெரிந்த எனக்கே, என் காரின் முன் பம்பரைப் பார்க்க மூன்று வருஷமாகப் பயமாக இருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

கள்ளக்குறிச்சியில் ஒரு அரிசி ஆலையில் முப்பது வருஷம் மெக்கானிக்காக இருந்தேன். முதலாளியுடைய அப்பா காலத்துக் கார் ஒன்று அங்கே உமிக் கொட்டகையில் கிடந்தது. நான் பிறப்பதற்கு முன்னால் வாங்கிய வண்டி. குண்டு முகம், பெரிய கண், எங்கே பார்த்தாலும் குரோம். பம்பர், விளக்கைச் சுற்றிய வளையம், கதவுக் கைப்பிடி, சக்கரத்து மூடி எல்லாமே குரோம்தான். முதலாளி அதைப் பழைய இரும்புக்குப் போடப் போனார். நான் கேட்டேன், கொடுத்துவிட்டார். எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்லமாட்டேன். சொன்னால் ஆளுக்கொரு யோசனையோடு வந்துவிடுவார்கள், எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

என் மனைவி கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். திங்கட்கிழமை காலையில் மலையேறினால் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் இறங்குவாள். ஒன்றரை வருஷம் மல்லுக்கட்டி அந்த வண்டியை ஓட வைத்த பிறகு, திங்கட்கிழமைகளில் நானே கொண்டுபோய் விட ஆரம்பித்தேன். கச்சிராயபாளையம் தாண்டி, மலை அடிவாரம் வந்ததும் அவள் தன் பக்கத்துக் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டுவிடுவாள். மழை பெய்தாலும் இறக்குவாள். சாரல் உள்ளே அடிக்கும், சீட்டு நனையும், நான் கத்துவேன். "மலைக்காத்துக்கு வழி வுடுங்க" என்பாள். அதற்குமேல் பேச்சு கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை குரோமுக்கு. முதலில் நல்ல தண்ணீரில் கழுவி மண்ணை எடுக்க வேண்டும். மண் இருக்கும்போதே தேய்த்தால் கீறல் விழும், கீறல் வழியாக ஈரம் போகும். பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட நிற்காமல் துடைக்க வேண்டும். துரு எட்டிப் பார்க்கிற இடத்துக்குப் பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் ஆகாது. பிரியாணிப் பொட்டலம் கட்டி வருகிற அலுமினியத் தாளைச் சுருட்டி, தண்ணீரில் நனைத்து, மெதுவாகத் தேய்க்க வேண்டும். அலுமினியம் குரோமைவிட மிருது, அதனால் கீறாது. துரு கரைந்து கறுப்பாக வழியும். அதைத் துடைத்துவிட்டு மெழுகு பூசினால் இரண்டு மாதத்துக்குக் கவலையில்லை. இதற்காகவே ஞாயிற்றுக்கிழமை பிரியாணி வாங்குகிறேன் என்று அவள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

உதவி செய்கிறேன் என்று ஒருநாள் புளியும் உப்பும் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். பித்தளைக் குடம் அதில்தானே பளிச்சென்று ஆகிறது என்பது அவள் வாதம். நான் குறுக்கே விழுந்து தடுத்திருக்காவிட்டால் ஒரு பக்கத்து விளக்கு வளையம் அன்றோடு போயிருக்கும்.

ஆனால் புளியை நிறுத்த முடிந்த என்னால் பொட்டை நிறுத்த முடியவில்லை. ஆயுத பூஜை அன்று வண்டிக்குச் சந்தனம், குங்குமம் வைப்பது எல்லா வீட்டிலும் உண்டு. சந்தனத்தைக் குழைத்து அப்பி, அது காய்வதற்குள் மோதிர விரலால் நடுவில் குங்குமம் வைப்பாள். முன் பம்பரில் நடுவில் ஒன்று, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று. வைப்பதோடு சரி, துடைக்கவே விடமாட்டாள். தானாக உதிரும் வரை இருக்க வேண்டும். அது ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். அந்த அப்பல் ஈரத்தைக் குடித்துக்கொண்டு மாதக்கணக்கில் குரோம் மேல் உட்கார்ந்திருக்கும். அது உதிர்ந்த பிறகு பார்த்தால் அடியில் புள்ளி புள்ளியாகக் குழி. ஒவ்வொரு வருஷமும் அதே மூன்று இடத்தில் வைப்பாள், குழி ஆழமாகிக்கொண்டே போனது.

"பொட்டு வெச்சா வண்டி தானா மலை ஏறிடுமா? அப்ப எனக்கு பெட்ரோல் எதுக்கு?" என்று ஒரு வருஷம் கேட்டேன்.

"பெட்ரோலு வண்டிக்கு. பொட்டு எனக்கு" என்றாள். "நான் பயமில்லாம ஒக்காந்துக்கினு வரணும் இல்ல?"

"நான் ஓட்டறப்ப இன்னா பயம்?"

"நீங்க ஓட்டறதாலதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவளோடு நான் கழித்த கடைசி ஆயுத பூஜைக்கு முந்தின மாதம், இரண்டு பம்பரையும் கழற்றிச் சேலத்தில் ஒரு முலாம் பட்டறையில் கொடுத்து, பழைய பூச்சை உரித்துப் புதுசாகக் குரோம் போட்டு வாங்கி வந்தேன். முகம் பார்த்துச் சவரம் செய்யலாம், அப்படி இருந்தது. பம்பரின் உள்பக்கத்துக்குக் குரோம் போடமாட்டார்கள், வெறும் இரும்புதான். துரு அந்தப் பக்கத்திலிருந்தும் வரும். அதனால் பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் உள்பக்கத்துக்கு நானே வெள்ளிப் பெயிண்ட் இரண்டு கை கனமாக அடித்தேன். சரியாகக் காய்வதற்குள் மறுநாள் காலையில் மாட்டிவிட்டேன். பூஜைக்கு வண்டி முழுசாக நிற்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான்.

மாட்டி முடித்ததும் அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். "இந்த வருஷம் இதுல ஒரு பொட்டு வெக்கக் கூடாது. வெச்சின்னா வண்டிய வித்துட்டுதான் மறுவேல பாப்பேன்."

வழக்கமாக ஏட்டிக்குப் போட்டி பேசுகிறவள், அன்று குங்குமக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள். என் ஸ்பானர் பெட்டிக்குப் பொட்டு வைத்தாள். சைக்கிளுக்கு, மிக்சிக்கு, ஃபிரிட்ஜுக்கு, அவளுடைய சிவப்பு மைப் பேனாவுக்குக்கூட வைத்தாள். வீட்டில் பொட்டில்லாமல் நின்றது அந்தக் கார் ஒன்றுதான். எனக்கு மனசுக்குள் ஒரு மாதிரி இருந்தது, ஆனால் வீம்பு. பூஜை முடிந்து பொரிகடலைத் தட்டை என்னிடம் நீட்டினாள். அவள் மோதிர விரல் நுனி சாம்பலாக மினுமினுத்தது.

"கையில இன்னா?"

"சட்டி தேச்ச கரிங்க" என்று புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"வண்டிக்கு ஒண்ணும் வெக்கலியே?"

"நீங்களே போய்ப் பாத்துக்குங்க."

போய்ப் பார்த்தேன். நாலு பக்கமும் சுற்றிவந்து பார்த்தேன். குரோமில் என் முகம் தவிர ஒன்றும் இல்லை.

அதற்குப் பதினோராம் நாள் திங்கட்கிழமை. நல்ல மழை. மலையில் பாதிக்கு மேல் ஏறியிருந்தோம். நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். திரும்பிப் பார்த்தால் முகமெல்லாம் வேர்வை. அங்கேயே வண்டியைத் திருப்பினேன். போனில் சிக்னல் இல்லை. கீழே இறங்கும்போது ஒரு வளைவில் ஓடைத் தண்ணீர் ரோட்டின் மேல் ஏறி ஓடிக்கொண்டிருந்தது. போகும்போது கணுக்கால் அளவு இருந்தது, அதற்குள் முழங்கால் அளவு ஆகியிருந்தது. யோசிக்க நேரமில்லை, விட்டேன். கடந்து கரையேறியதும் இன்ஜின் நின்றுவிட்டது.

அந்த வண்டி அதற்குமுன் மலையில் நின்றதே இல்லை. பானெட்டைத் திறந்து, சட்டையைக் கழற்றி, பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். மேலே மழை கொட்டினால் துடைத்தது எங்கே காயும்? ஒரு வண்டி வரவில்லை, போகவில்லை. நடுவில் ஓடிப்போய் அவள் கதவைத் திறந்து பார்த்தேன். கண்ணை மூடியிருந்தாள். "கெளம்பும்ங்க. நீங்க பதறாதீங்க" என்றாள். அவள் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை அதுதான். இருபது நிமிஷம் கழித்து வண்டி கிளம்பியது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தும்போது அவள் இல்லை. இருபது நிமிஷம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரிடம் கேட்டேன். அப்படியெல்லாம் சொல்ல முடியாது என்றார்.

கருமாதி அன்று அவள் தங்கை, உளுந்தூர்பேட்டையில் இருப்பவள், பந்தியில் எல்லோரும் இருக்கும்போது சொன்னாள். "பொட்டு வெக்காத வண்டியில மலைக்கு ஏத்திக்கினு போனீங்களே மாமா. பூஜ அன்னிக்கு காலையிலயே அக்கா போன்ல சொல்லி எவ்ளோ வருத்தப்பட்டா தெரியுமா."

ஒயரில் தண்ணீர் பட்டால் எந்த வண்டியும் நிற்கும், பொட்டு வைத்த வண்டியும் நிற்கும். இதை ஆயிரம் பேருக்குப் புரியவைக்க என்னால் முடியும். என்னை அரித்தது அது இல்லை. அந்த இருபது நிமிஷம் அவள் அந்த சீட்டில் என்ன நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்பதுதான். பயமில்லாமல் வருவதற்குத்தான் பொட்டு என்று சொன்னவள். அதை நான் வைக்க விடவில்லை. வெளியே மழை, இன்ஜின் செத்துக் கிடக்கிறது, நெஞ்சு அடைக்கிறது, வண்டியில் பொட்டு இல்லை. எவ்வளவு பயந்திருப்பாள். 'பதறாதீங்க' என்றது எனக்காகச் சொன்ன ஆறுதல் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

வண்டியை வீட்டுக் கொட்டகையில் விட்டதுதான், பிறகு வெளியே எடுக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை துடைப்பது மட்டும் நிற்கவில்லை. வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அடுத்த வருஷம் மழை முடிந்து ஒருநாள் மெழுகைத் துடைக்கும்போது பார்த்தேன். முன் பம்பரில் நடுவில் ஒன்று, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று, பழுப்பாக மூன்று புள்ளி. புதுக் குரோம். பொட்டே படாத குரோம். அதே மூன்று இடம், அதே அளவு.

பட்டறைக்காரருக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன். "குழி ஆழமா இருந்துச்சுங்க. இன்னும் தேச்சா தகடு ஓட்டையாயிடும்னு வுட்டுட்டோம். பூச்சு குழிய ரொப்பாதுங்க" என்றார். எனக்கும் தெரியும். குழி இருந்த இடத்தில் பூச்சு சரியாகப் பிடிக்காது, அங்கேதான் முதலில் துரு கிளம்பும். காரணம் இவ்வளவு சுத்தமாக இருந்தும், போனை வைத்துவிட்டுக் கொட்டகைக்குள் போக எனக்குக் கால் வரவில்லை.

தாளை நனைத்துத் தேய்ப்பேன், போகும். மெழுகு பூசுவேன். மழை நாலு நாள் பிடித்தால் மூன்றும் வந்து நிற்கும். நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அவள் வந்து வைத்துவிட்டுப் போகிற மாதிரியே இருந்தது. ஒருநாள் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தேன். பம்பரின் வளைவில் எனக்குப் பின்னால் வாசற்படி தெரிந்தது. வாசற்படியில் யாரோ நிற்பது தெரிந்தது. இடுப்பில் கை வைத்து, வேடிக்கை பார்ப்பது போல. தேய்ப்பதை நிறுத்தாமல், "இன்னா டீச்சரம்மா, புளி கொண்டாந்தியா?" என்று கேட்டேவிட்டேன். பிறகுதான் உடம்பு சில்லிட்டது. திரும்பினால் கொடியில் காய்ந்த துண்டு.

அதற்குப் பிறகு பம்பரின் மேல் ஒரு கோணிச் சாக்கைப் போட்டு மூடிவைத்தேன். சாக்கு ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு துருவை இரண்டு மடங்காக்கும். வேறு யாராவது செய்திருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன். பயம் எனக்குத் தெரிந்த வேலையையே மறக்கடித்துவிட்டது. அடுத்த மழைக்குச் சாக்கைத் தூக்கிப் பார்த்தபோது மூன்று புள்ளியும் காசு அகலத்துக்கு ஆகியிருந்தது.

இந்தத் தை மாதம் முடிவு செய்தேன். தகடு ஓட்டையானாலும் பரவாயில்லை, குழியை அடியோடு தேய்த்தெடுத்து, தேவைப்பட்டால் வெல்டு வைத்து அடைத்து, திரும்பவும் முலாம் போடச் சொல்வது. பட்டறையில் பழைய பூச்சை உரிக்க ஆசிட் தொட்டியில் போடுவார்கள், உள்ளே வெளியே எல்லாம் வெளுத்துவிடும். போகட்டும், இதோடு என்னை விடட்டும் என்றுதான் நினைத்தேன். நினைத்ததற்காக அவளிடம் வாய்விட்டு மன்னிப்பும் கேட்டேன். நாலு போல்ட்டையும் கழற்றினேன். பம்பரைத் தூக்கிச் சாக்கின் மேல் கவிழ்த்தேன்.

உள்பக்கம், நான் அடித்த வெள்ளிப் பெயிண்ட் அப்படியே இருந்தது. நட்டநடுவில் ஒரு குங்குமப் பொட்டு இருந்தது.

மழை படாத, வெயில் படாத இடம். நிறம் மங்கவில்லை. பம்பருக்கும் வண்டி முகத்துக்கும் நடுவில் கை நுழைகிற சந்து இருக்கிறது, மேலேயிருந்து கையை விட்டுப் பார்க்காமலே வைத்திருக்கிறாள், அதனால் கொஞ்சம் கோணல். கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். பெயிண்ட் காயாமல் பிசுபிசுவென்று இருக்கும்போது வைத்தது. விரல் அழுந்திய இடத்தில் குங்குமம் பெயிண்டோடு பெயிண்டாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் விரல் ரேகை சுழி சுழியாகத் தெரிந்தது.

அந்தப் பெயிண்ட் நான் பூஜைக்கு முதல் நாள் அடித்தது. அதற்கு முன்னால் அங்கே எதையும் வைத்திருக்க முடியாது. மினுமினுத்த அந்த விரல் நுனியும், சட்டி தேய்த்த கரியும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. கொட்டகைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரும் என்று பார்த்தால் முதலில் கோபம்தான் வந்தது. என் கண்ணெதிரே நின்று பொய் சொல்லியிருக்கிறாள். என் பேச்சுக்கு அந்த வீட்டில் அவ்வளவுதான் மரியாதை. கோபம் தீர்ந்த பிறகு அழுதேன், ரொம்ப நேரம் அழுதேன்.

அவள் தங்கைக்குப் போன் செய்து வரச்சொன்னேன். நாலு வருஷமாக எங்களுக்குள் சரியான பேச்சுவார்த்தை இல்லை. என்ன ஏது என்று பயந்துகொண்டு அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். கொட்டகைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். தொட விரலை நீட்டினாள். "தொடாத" என்றேன். விரலை எடுத்துக்கொண்டாள்.

"எம்மேல கோவமா மாமா?"

"உங்க அக்கா மேல. கேட்டதுக்கு சட்டி தேச்ச கரின்னா."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, கருமாதி அன்றிலிருந்து கேட்க நினைத்திருப்பாள் போல, மெதுவாகக் கேட்டாள்.

"வண்டி நின்னப்ப அக்கா ரொம்ப பயந்தாளா மாமா?"

கண்ணை மூடிக்கொண்டு அவள் சொன்னதை நினைத்துப் பார்த்தேன். கெளம்பும்ங்க. அது எனக்குச் சொன்ன ஆறுதல் இல்லை. பொட்டு வைத்திருக்கிறோம், வண்டி கிளம்பும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்கிறது. கிளம்பவும் செய்தது.

"இல்ல. உங்க அக்கா பயப்படல" என்றேன்.

பம்பர் சேலத்துக்குப் போகவில்லை. வெளியே மூன்று புள்ளியையும் தாள் வைத்துத் தேய்த்து, காயவிட்டு, மெழுகு பூசினேன். மழைக்குத் திரும்ப வரும், வந்தால் தேய்த்துக்கொள்வேன். உள்பக்கத்துப் பொட்டைச் சுற்றித் தூசி தட்டி, அதன் மேல் நிறமில்லாத வார்னிஷை மெல்லிய பிரஷ்ஷால் ஒரே ஒரு கை ஓட்டினேன். ஆலையில் எத்தனையோ மெஷினுக்குப் பெயிண்ட் அடித்தவன்தான், அவ்வளவு மெதுவாக ஒரு வேலை செய்ததில்லை. மூன்று நாள் நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டினேன்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் பேட்டரி மாற்றி வண்டியை எடுத்தேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை அடிவாரத்தில் நிறுத்தி, எட்டி இடது பக்கத்துக் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, மலையேறினேன்.